பந்தை ஒளிக்கலாம், ஆட்டத்தையே ஒளிக்கக் கூடாது

ஓஹாயோவில் பள்ளி அமெரிக்கக் கால்பந்துக்கு லைன் ஜட்ஜாக, அதாவது எல்லைக்கோட்டோர நடுவராக, நிற்கிறேன். சென்ற வியாழக்கிழமை நடந்தது இந்தப் பருவத்தின் மூன்றாவது ‘தப்புப் பந்து’: பந்து மாறிவிட்டது என்று நடித்து எதிரணியை ஏமாற்றும் வித்தை. எட்டாம் வகுப்புப் பையன்களின் ஆட்டம். எல்லைக்கோட்டுக்கு வெளியிலிருந்து கோச், “அது நம் பந்து இல்லை, இங்கே கொண்டு வா!” என்று கத்தினார். தரையிலிருந்து பந்தை எடுத்துத் தந்து ஆட்டத்தைத் தொடங்கும் சென்டர், அதைத் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்கிடம் கொடுத்தான். அவன் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு கோச்சை நோக்கி நாலு அடி நடந்தான், பிறகு திரும்பி ஓட்டம் பிடித்தான். விதிமீறல் என்று காட்டக் கொடியை எறிந்தேன், ஆட்டத்தை நிறுத்த விசில் ஊதினேன். விசில் அரை நொடி பிந்திவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். அந்த அரை நொடியில், இடுப்பில் கைவைத்து நின்ற எதிரணிப் பையன் ஒருவனைப் பக்கவாட்டில் மோதிச் சாய்த்துவிட்டார்கள். அவன் எழுந்திருக்க இரண்டு நிமிடம் ஆயிற்று.

பதினைந்து யார்டு தண்டனை. உடனே ஒரு தந்தை வேலியருகே வந்து, “இணையத்தில் இதற்கு டச் டவுன், முழுப் புள்ளி, கொடுத்திருக்கிறார்களே?” என்றார்.

கொடுத்தார்கள். 2010-இல் டெக்சாஸின் கார்பஸ் கிறிஸ்டியில் ஒரு நடுநிலைப் பள்ளிக் குவார்ட்டர்பேக், தண்டனைத் தூரத்தை அளப்பவன்போல எதிரணிக்கு நடுவே நடந்துபோய் 67 யார்டு ஓடினான். உலகமே கைதட்டியது. அந்தக் காணொளி எங்கள் தொழிலுக்குச் செய்த கேடு கொஞ்சமல்ல. டெக்சாஸ் பள்ளிகள் கல்லூரி விதிகளில் ஆடுகின்றன, நாங்கள் பள்ளிகளுக்கான தேசியக் கூட்டமைப்பின் விதிகளில் ஆடுகிறோம். எங்கள் விளக்க நூலில் கிட்டத்தட்ட இதே வழக்கு இருக்கிறது: உதைப்பவன், பந்தை நிறுத்திவைக்கும் தாங்கியைக் குறித்து, “டீ எங்கே?” என்று கேட்க, இன்னொருவன் “எடுத்து வருகிறேன்” என்று ஓரமாக ஓடி, அங்கேயே பாஸைப் பிடித்துவிடுகிறான். தீர்ப்பு: ஸ்நாப்புக்கு, அதாவது சென்டர் பந்தை எடுத்துத் தருவதற்கு, முன்பே நடந்த பண்பற்ற செயல், பந்து செத்தது, ஆட்டம் அங்கேயே நிற்கும்.

“அப்படியானால் ஏமாற்றவே கூடாதா?” என்பார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டுவிட்டது. தாராளமாக ஏமாற்றுங்கள்! இந்த ஆட்டமே ஏமாற்றுதான். பந்தை வைத்திருப்பவன் இல்லாதவன்போல ஓடலாம், இல்லாதவன் இருப்பவன்போல ஓடலாம். ஆனால் “ஆட்டம் இன்னும் தொடங்கப்போவதில்லை” என்று நம்பவைக்கக் கூடாது. பந்து எங்கே என்று தேடுபவன் தயாராக நிற்கிறான். ஆட்டம் நின்றுவிட்டது என்று நம்புபவன் உடலைத் தளர்த்திவிடுகிறான். தளர்ந்த உடலில்தான் அடி விழும்.

2018 சூப்பர் பௌலில், தொழில்முறை லீக்கின் இறுதி ஆட்டத்தில், ஃபிலடெல்ஃபியாவின் குவார்ட்டர்பேக் நிக் ஃபோல்ஸ் தன் முன்வரிசைக்காரர்களிடம் ஏதோ சொல்லப்போவதுபோல நடந்து போனாரே, அது நடிப்பில்லையா? நடிப்புதான். ஆனால் குவார்ட்டர்பேக் ஸ்நாப்புக்கு முன் அப்படிப் பேசுவது அன்றாடம் நடப்பது. “பந்து தவறு”, “டீ இல்லை” என்று யாரும் சொல்லவில்லை. ஸ்நாப் வேறொருவரிடம் போயிற்று, ஃபோல்ஸ் மைதானக் கோடியில் புள்ளி எடுக்கும் பகுதியான எண்ட் ஸோனில் பாஸைப் பிடித்தார். பாஸ் பிடிக்கும் ரிசீவர் ஒருவர் ஆட்டம் தொடங்கும் கோட்டிலிருந்து சற்றுப் பின்னால் நின்றார் என்று இன்றும் சண்டை நடக்கிறது. அது வெறும் ஐந்து யார்டு தண்டனை விவகாரம், வேறு சங்கதி.

புதிய வித்தைகளும் வருகின்றன. 2021-இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக் கென்னி பிக்கெட், ஓட்டத்தை முடித்துக்கொள்பவர்போலச் சறுக்கி உட்காரப்போவதாகப் பாவனை காட்டி 58 யார்டு ஓடி டச் டவுன் போட்டார். சில நாள்களிலேயே கல்லூரி விதிக்காரர்கள், சறுக்குவதாகப் பாவனை காட்டினாலே பந்து செத்தது என்று அறிவித்துவிட்டார்கள். ஆகவே ‘விதிப்புத்தகத்தில் தடை இல்லையே’ என்று என்னிடம் வராதீர்கள்.

கோச்சுகளே, ஆட்டத்துக்கு முன் நாங்கள் உங்களைப் பார்க்க வரும்போது, “வழக்கத்துக்கு மாறாக ஏதாவது வைத்திருக்கிறீர்களா?” என்று கேட்பது ஒப்புக்காக அல்ல. சொல்லுங்கள். எதிரணிக்குப் போய்ச் சொல்ல மாட்டோம். பிழை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பெற்றோர்களே, காணொளியைப் பார்த்துவிட்டுப் பையனுக்கு வீட்டு முற்றத்தில் பயிற்சி கொடுக்காதீர்கள், தயவுசெய்து.

இரண்டு வாரம் முன்பு ஒரு கோச் காபிக் கடைக் கைதுடைக்கும் தாளில் இரட்டைப் பாஸ் ஒன்றை வரைந்து காட்டினார். “முதல் பாஸ் பின்னோக்கிப் போக வேண்டும், ஆட்டம் தொடங்கும் கோட்டுக்கு இணையாகப் போனாலும் சரி. முன்னால் ஒரு விரற்கடை போனாலும் இரண்டாவது பாஸ் செல்லாது” என்றேன். தலையாட்டினார். மூன்றாம் கால்பகுதியில் அதை ஆடினார்கள். பந்து பின்னோக்கிப் போனதைப் பார்த்ததும் சக நடுவர்களுக்குத் தெரியும்படி கையைப் பின்னால் நீட்டினேன். அடுத்த பாஸ் இருபது யார்டு தாண்டி ஒரு ஒல்லிப் பையன் கையில் விழுந்தது. அந்தப் பக்கம் காவலுக்கு ஒருவருமில்லை.