சந்தேகம் வந்த எண்ணை ஏன் அழிக்கக் கூடாது?

ஓசோன் ஓட்டையை நாசாவின் செயற்கைக்கோள் கோட்டைவிட்டது, குறைந்த எண்களை அதன் மென்பொருளே குப்பையில் போட்டுவிட்டது என்றொரு கதை இன்றும் உலவுகிறது. நடந்தது வேறு. நிம்பஸ்-7 செயற்கைக்கோளில் இருந்த, ஓசோனை அளக்கும் டாம்ஸ் கருவி 1978 முதல் அளந்து வந்தது. 180 டாப்சன் அலகுக்கு (வளிமண்டலத்தின் மொத்த ஓசோனைக் குறிக்கும் அலகு) கீழே வந்த அளவுகளுக்கு மென்பொருள் 'சந்தேகம்' என்று குறி போட்டதே தவிர, அழிக்கவில்லை. அண்டார்டிகாவில் உள்ள பிரிட்டனின் ஹாலி ஆய்வு நிலையத்துத் தரைக் கருவியின் அளவுகளை வைத்து ஃபார்மன், கார்டினர், ஷாங்க்லின் மூவரும் 1985 மே மாதம் கட்டுரை வெளியிடுவதற்கு முன்பே, குறி விழுந்த எண்கள் அண்டார்டிகா மேலே குவிவதை நாசா குழு கவனித்திருந்தது. சரிபார்க்க எடுத்த தென் துருவ நிலையத் தரவோ சுமார் 300 அலகு என்றது. பிழை அந்தத் தரவில்தான் என்பது பிறகே தெரிந்தது. செயற்கைக்கோள் அளவுகள் பத்திரமாக இருந்ததால், முந்தைய ஆண்டுகளையும் திரும்பக் கணக்கிட்டு ஓட்டையின் பரப்பை வரைபடமாகவே காட்ட முடிந்தது.

காப்பகக் கோப்பில் அளவு ஒரு மாறியாகவும் அதன் தரக்குறி (அந்த அளவை எவ்வளவு நம்பலாம் என்ற குறி) இன்னொரு மாறியாகவும் இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான். பயன்படுத்துகிறவர் தன் தேவைக்கு வடிகட்டிக்கொள்வார். வளிமண்டலத் தரவுக்குப் பரவலாகப் புழங்கும் கோப்பு வடிவம் நெட்சிடிஎஃப் (NetCDF). எண்கள், அவற்றின் அலகு, நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் ஒரே கோப்பில் அடங்கும். எதை எந்தப் பெயரில் எழுதுவது என்பதற்கு சிஎஃப் (CF) மரபு என்ற பொது விதித்தொகுப்பு உண்டு. தரக்குறி 0, 1, 2 என்றால் ஒவ்வொன்றுக்கும் என்ன பொருள் என்பதையும் கோப்புக்குள்ளேயே எழுத அது இடம் தருகிறது. தனி வேர்ட் கோப்பில் எழுதி வைத்தால் பத்து வருடத்தில் அது காணாமல் போகும்.

அதிகம் பேர் சறுக்குவது விடுபட்ட அளவில். கருவி ஓடாத நாளுக்கு -999 என்று நிரப்புவது பழைய வழக்கம். 30 நாளில் 29 நாள் 300 அலகு, ஒரு நாள் -999 என்று வையுங்கள். நிரப்பு மதிப்பு எது என்று அறிவிக்காத கோப்பை அப்படியே சராசரி எடுத்தால் 256.7 வரும். எதிர்மறை எண் வந்திருந்தால் உடனே பிடிபட்டிருக்கும். இதுவோ பார்வைக்கு நல்ல எண். இல்லாத ஓசோன் குறைவு ஒன்று பிறந்துவிடும். மழையளவுக்கு 0 போட்டு நிரப்புவது இதைவிட மோசம், மழை பெய்யாத நாளும் கருவி பழுதான நாளும் அதன்பின் ஒன்றுதான்.

இடத்தை மிச்சப்படுத்த 4 பைட் தசம எண்ணை 2 பைட் முழு எண்ணாகச் சுருக்குவார்கள்: 300.0 என்பது 3000 ஆகி, பெருக்கு எண் 0.1 உடன் எழுதப்படும். படிக்கும்போது அதைப் பெருக்கி மறுபடி விரிக்க வேண்டும்; நிரப்பு மதிப்பை விரிப்பதற்கு முன்பே ஒப்பிட வேண்டும். விரித்தபின் -999 என்பது -99.9 ஆகிவிடுவதால், '-900-க்குக் கீழே தள்ளு' என்ற வடிகட்டியில் அது சிக்காது. நல்ல நிரல் நூலகங்கள் இதைத் தாமே செய்துவிடும், கோப்பில் நிரப்பு மதிப்பு, பெருக்கு எண் போன்ற பண்புகளைச் சரியாக எழுதியிருந்தால்.

தரையிலிருந்து ஓசோனை அளக்கும் டாப்சன் கருவி என்றால் ஒளியின் எந்த அலைநீள இணையில் அளந்தது, எந்த உட்கவர் கெழுவில் (ஓசோன் ஒளியை எவ்வளவு உறிஞ்சும் என்ற எண்) கணக்கிட்டது, கடைசியாக எப்போது அளவுதிருத்தம் செய்தது என்பதும் கோப்பில் ஏற வேண்டும். கெழு மாறினால் பழைய தொடர் முழுவதையும் மறுபடி கணக்கிட வேண்டிவரும். கையில் மூல அளவு இல்லாவிட்டால் அது நடக்காது.

மறுகணக்கிட்டதைப் பழைய கோப்பின் மேலேயே எழுதக் கூடாது. நிம்பஸ்-7 டாம்ஸ் தரவே 7, 8 என்று பதிப்பு மாறியது. ஒவ்வொரு பதிப்புக்கும் தனி எண், தனி டிஓஐ (DOI எனும் நிரந்தர அடையாள எண்), கோப்புக்கு ஒரு சரிபார்ப்புத்தொகை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எண்) வேண்டும். பதிவிறக்கியவர் அந்தத் தொகையை மீண்டும் கணக்கிட்டால், வழியில் ஒரு பிட் புரண்டிருந்தாலும் காட்டிக்கொடுக்கும். கட்டுரையில் 'டாம்ஸ் தரவு' என்று மட்டும் எழுதினால் போதாது. எந்தப் பதிப்பு, எந்தத் தேதியில் இறக்கியது என்பதையும் எழுத வேண்டும்.