தாழ்த்திய காரில் பம்ப் ஸ்டாப் படும் பாடு

காரின் உயரத்தைக் குறைக்கும் லோயரிங் ஸ்பிரிங் போட்ட வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "40 மில்லிமீட்டர் இறக்கினேன். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் சின்னப் பள்ளத்துக்கே 'டொம்' என்று அடிக்கிறது. பம்ப் ஸ்டாப்பைப் பாதி வெட்டிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். வெட்டலாமா?"

பல கார்களில் ஷாக் அப்சார்பரின் தூசி உறையை ஒதுக்கிப் பார்த்தால், பளபளக்கும் தண்டைச் சுற்றி ஒரு நுரைக் கட்டி தெரியும். அதுதான் பம்ப் ஸ்டாப். உடம்பெல்லாம் வளையம் வளையமாகப் பள்ளம், ஒரு முனை மட்டும் குறுகலாக இருக்கும். சக்கரம் மேலே ஏறும்போது ஷாக்கின் உடல்பகுதி வந்து இதில் மோதும். இரும்போடு இரும்பு மோதாமல் காப்பது இதுதான்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும் ஆற்றல், அது அமுங்கும் தூரத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும் என்று பள்ளியில் படித்திருப்போம். ஒரு மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் விறைப்புள்ள ஸ்பிரிங், கார் நிற்கும் நிலையிலிருந்து 80 மில்லிமீட்டர் அமுங்கினால் 80 ஜூல் வாங்கிக்கொள்ளும். காரை 40 இறக்கிவிட்டால் மிச்சம் 40 மில்லிமீட்டர்தான். அதே விறைப்பில் இப்போது வெறும் 20 ஜூல். தூரம் பாதியானது, ஆற்றலோ கால்வாசி ஆகிவிட்டது. பழைய அளவை எட்ட ஸ்பிரிங் நான்கு மடங்கு விறைப்பாக வேண்டும். கடையில் கிடைக்கும் லோயரிங் ஸ்பிரிங் எதுவும் அவ்வளவு விறைப்பாக இருக்காது. இருந்தால் அந்தக் காரில் உட்கார முடியாது. ஷாக் அப்சார்பர் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மீதியெல்லாம் அந்த நுரைக் கட்டியின் தலையில்தான்.

அந்த நுரை எனக்கு மிகவும் பிடித்த பொருள். பழைய பம்ப் ஸ்டாப்கள் கெட்டி ரப்பரால் ஆனவை. ரப்பரை அழுத்தினால் அதன் கன அளவு ஏறக்குறைய மாறுவதே இல்லை. மேலிருந்து அழுத்தினால் பக்கவாட்டில் பிதுங்கியே தீரும். பிதுங்க இடமில்லாவிட்டால் கல்லாக நிற்கும். இப்போது வருபவை பெரும்பாலும் பாலியூரித்தேன் நுரை. உள்ளே எண்ணற்ற நுண்ணிய குமிழிகள். அழுத்தம் வந்ததும் முதலில் குறுகலான முனை மடங்கும். அங்கே பொருள் குறைவு என்பதால் தொட்டதே தெரியாத அளவுக்கு மென்மையாக ஆரம்பிக்கும். அப்புறம் குமிழிகளின் மெல்லிய சுவர்கள் வளைந்து சரியத் தொடங்கும். இந்தக் கட்டத்தில் கட்டி நிறைய அமுங்கும், ஆனால் விசை நிதானமாகவே ஏறும். சுவர்கள் ஒன்றையொன்று தொட்டு, உள்ளே காலியிடம் தீர்ந்ததும் விசை செங்குத்தாக எகிறும். தன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கினாலும் பக்கவாட்டில் அதிகம் பிதுங்காது. குமிழிகளில் இருந்த இடத்துக்குள்ளேயே பொருள் ஒடுங்கிக்கொள்கிறது. ஒரே கட்டிக்குள் மெத்தையும் சுவரும் இருக்கின்றன, இரண்டுக்கும் நடுவே படிக்கட்டு கிடையாது! அதனால்தான் பல கார்களில் வடிவமைப்பாளர்களே இதை இரண்டாவது ஸ்பிரிங்காகக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள்.

இப்போது வெட்டும் விஷயம். ஒரே குறுக்களவுள்ள கட்டியைப் பாதியாக வெட்டினால் அதன் விறைப்பு இரண்டு மடங்காகும். ஆக, வெட்டிய பம்ப் ஸ்டாப்பில் மோதுவது தாமதமாகும், ஆனால் மோதினால் அடி பலமாக விழும். குறுகலான முனையை வெட்டியிருந்தால் மென்மையான தொடக்கமும் போச்சு. இன்னொரு ஆபத்தும் உண்டு: சக்கரம் எதுவரை ஏறலாம் என்ற எல்லையைக் காப்பதும் இந்தக் கட்டிதான். அது குட்டையானால் ஷாக்கின் உள்ளே பிஸ்டன் அடியில் போய் இடிக்கலாம், டயர் மட்கார்டில் உரசலாம்.

வளைவிலும் இது வேலையைக் காட்டும். கார் சாயும்போது வெளிப்பக்கச் சக்கரம் பம்ப் ஸ்டாப்பைத் தொட்டால், அந்த முனையின் விறைப்பு சட்டென்று கூடி, சுமை அந்த டயரில் குவியும். சுமை கூடும் அளவுக்கு டயரின் பிடிப்பு கூடுவதில்லை. முன்பக்கம் நடந்தால் கார் வளைவை விட்டு வெளியே போகப் பார்க்கும். பின்பக்கம் நடந்தால் வால் வீசும். ஈரச் சாலையில் இது விளையாட்டு இல்லை.

சில ஸ்பிரிங் தயாரிப்பாளர்கள், எத்தனை மில்லிமீட்டர் வெட்ட வேண்டும் என்று தாங்களே குறிப்புத் தருகிறார்கள். அப்படி இருந்தால் அந்த அளவுக்கு மட்டும், முனையை விட்டுவிட்டுத் தடித்த பக்கத்தில் வெட்டலாம். குறிப்பே இல்லாமல் "பாதி" என்பது குத்துமதிப்பு. என்னைக் கேட்டால், இறக்கிய பிறகு எவ்வளவு தூரம் மிஞ்சும் என்பதை ஸ்பிரிங் பெட்டியிலேயே அச்சிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும். உயரம் எவ்வளவு குறையும் என்று மட்டும் விளம்பரம் செய்வது வாங்குபவருக்குச் செய்யும் அநியாயம்.

வாசகர் முதலில் செய்ய வேண்டியது: ஷாக் தண்டில் ஒரு கேபிள் டையை இறுக்கமாகக் கட்டி, உடல்பகுதியை ஒட்டிக் கீழே தள்ளிவிட்டு, வழக்கமான சாலையில் ஓட்டிப் பாருங்கள். அது எங்கே ஏறி நிற்கிறது என்பதே சக்கரம் போய்வந்த தூரம். ஒவ்வொரு முறையும் நுரைக்குள் ஆழமாகப் போய் நின்றால், கத்தியை எடுக்காதீர்கள். உடல் குட்டையான ஷாக்கும் அதற்குப் பொருத்தமான பம்ப் ஸ்டாப்பும் போடுங்கள், இல்லையென்றால் காரை 15, 20 மில்லிமீட்டர் திரும்ப உயர்த்துங்கள். கையோடு பழைய கட்டியை விரலால் அழுத்திப் பாருங்கள். பொடிப்பொடியாக உதிர்ந்தால், எந்த உயரத்தில் இருந்தாலும் அதை மாற்றித்தான் ஆக வேண்டும்.