நோட்டில் எழுதிய கணக்கும் உடம்பு எழுதும் கணக்கும்

நியூயார்க்கில் ஒரு மருத்துவ ஆய்வுக்குழு, பத்துப் பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்றை 1992-இல் வெளியிட்டது. பத்துப் பேருமே உடல் பருமனால் அவதிப்பட்டவர்கள். எல்லோருக்கும் ஒரே புகார்தான். நாளுக்கு 1,200 கலோரிக்கும் குறைவாகத்தான் சாப்பிடுகிறோம், ஆனால் எடை இறங்கவே மாட்டேன் என்கிறது. தங்கள் உடம்பின் அமைப்பிலேயே ஏதோ கோளாறு இருக்கிறது என்று அவர்கள் உறுதியாக நம்பினார்கள்.

சாப்பிட்டதையெல்லாம் 14 நாள் எழுதி வரச் சொன்னார்கள். அதே 14 நாளும் அவர்களுடைய உடம்பு உண்மையில் எவ்வளவு எரிக்கிறது என்பதையும் தனியாக அளந்தார்கள். அந்த அளவை முறை மிக அழகானது. அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

தண்ணீரில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் இருக்கின்றன. இரண்டுக்கும் சற்றே கனமான வடிவங்கள் இயற்கையில் உண்டு: டியூட்டீரியம், ஆக்சிஜன்-18. கதிர்வீச்சு இல்லாதவை, உடம்புக்குத் தீங்கு செய்யாதவை. இந்தக் கனமான அணுக்கள் கலந்த தண்ணீரைக் கொஞ்சம் குடிக்கக் கொடுப்பார்கள். சில மணி நேரத்தில் அது உடம்பிலுள்ள நீர் முழுவதிலும் கலந்துவிடும். டியூட்டீரியம் வெளியே போக ஒரே வழிதான், நீராக. சிறுநீர், வியர்வை, மூச்சின் ஈரம். ஆக்சிஜன்-18-க்கு இரண்டு வழிகள். நீராகவும் போகும், நாம் விடும் கரியமில வாயுவோடும் போகும். அதனால் ஆக்சிஜன்-18 சீக்கிரம் குறையும், டியூட்டீரியம் மெதுவாகக் குறையும். இந்த இரண்டு வேகங்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த மனிதர் வெளியேற்றிய கரியமில வாயுவின் அளவு. புகையைப் பார்த்து எத்தனை விறகு எரிந்தது என்று சொல்வது போல, அதை வைத்து எரிந்த கலோரியைக் கணக்கிட்டுவிடலாம். அவ்வப்போது கொஞ்சம் சிறுநீர் கொடுத்தால் போதும். மற்றபடி அவர் வழக்கம்போல் வீட்டில் இருக்கலாம், வேலைக்குப் போகலாம். எரிந்ததோடு உடம்பின் கையிருப்பில் ஏற்பட்ட மாற்றத்தையும் சேர்த்துப் பார்த்தால், வாய் வழியாக உள்ளே போனது எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும். இதில் யாருடைய ஞாபகத்துக்கும் வேலை இல்லை.

கிடைத்த விடை இதுதான். அவர்கள் எழுதிக் கொடுத்தது நாளுக்குச் சராசரியாக 1,030 கலோரி. உண்மையில் சாப்பிட்டது சுமார் 2,080. கிட்டத்தட்டப் பாதி நோட்டில் ஏறவே இல்லை. உடலுழைப்பையோ, செய்ததைவிட ஒன்றரை மடங்காக எழுதியிருந்தார்கள். அவர்கள் உடம்பு எரிக்கும் வேகம், அந்த உடல்வாகுக்கு எதிர்பார்க்கக்கூடிய அளவில்தான் இருந்தது.

இந்த ஆய்வைக் காட்டி, "பார், குண்டாக இருப்பவர்கள் பொய் சொல்கிறார்கள்" என்று பேசுபவர்கள் உண்டு. அந்தப் பேச்சு எனக்குக் கோபம் வரவைக்கும். ஏனென்றால் பிற்பாடு இதே முறையில் பயிற்சி பெற்ற உணவியல் நிபுணர்களையே சோதித்திருக்கிறார்கள். அவர்களும் நாளுக்கு 220 கலோரி போலக் குறைத்துத்தான் எழுதினார்கள். உணவை அளப்பதே தொழிலாகக் கொண்டவர்களுக்கே இந்தக் கதி. மனிதக் கண் சோற்றையும் எண்ணெயையும் அளப்பதற்காக ஏற்பட்ட கருவி இல்லை, அவ்வளவுதான்.

எண்ணெயை நான் வேண்டுமென்றுதான் சொன்னேன். நம் சமையலில் கணக்கு நழுவும் முதல் இடம் அதுதான். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், அதாவது ஏறக்குறைய 14 கிராம், 120 கலோரி. 100 கிராம் சோறு 130 கலோரி. ஒரு கரண்டி எண்ணெயும் ஒரு சிறு கிண்ணம் சோறும் ஏறக்குறைய சமம் என்றால் முதலில் யாருக்கும் நம்ப வராது. எனக்கும் வரவில்லை. ஒரு நாள் சமைப்பதற்கு முன்னும் பின்னும் எண்ணெய்ப் பாட்டிலைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். தாளிப்பு, பொரியல், இரவுத் தோசை மூன்றும் சேர்ந்து, நான் மனதுக்குள் போட்டு வைத்திருந்ததைப் போல இரண்டு மடங்கு இறங்கியிருந்தது. தோசைக்கல்லைச் சுற்றி ஊற்றும் எண்ணெயை யாரும் "சாப்பிட்டேன்" என்று எழுதுவதில்லை.

அரிசியில் வேறு ஒரு சிக்கல். 100 கிராம் அரிசி சுமார் 350 கலோரி. அதுவே வெந்து சோறானால் தண்ணீரை இழுத்துக்கொண்டு இரண்டரை, மூன்று மடங்கு எடையாகிவிடும். கலோரி எண்ணும் செல்போன் ஆப்பில் அரிசி என்று தட்டிவிட்டுச் சோற்றின் எடையைப் போட்டால் கணக்கு ஒரேயடியாக ஏறும். மாற்றிச் செய்தால் ஒரேயடியாக இறங்கும்.

சரி, நாம் சரியாகவே எடை போட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அந்த 120, 130, 350 எல்லாம் எங்கிருந்து வந்தன? 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வில்பர் அட்வாட்டர் என்ற வேதியியலாளர், ஓர் ஆள் உள்ளே தங்கும் அளவு அறை ஒன்றைக் கட்டினார். உள்ளே இருப்பவர் விடும் மூச்சையும் வெளியேற்றும் வெப்பத்தையும் அளக்கும் அறை. உணவை எரித்துப் பார்த்து, அதில் செரிக்காமல் வெளியேறுவதைக் கழித்து, அவர் வகுத்துக் கொடுத்த எண்களைத்தான் உலகம் இன்றும் பயன்படுத்துகிறது. மாவுச்சத்து கிராமுக்கு 4, புரதம் 4, கொழுப்பு 9. நம் நாட்டு உணவுகளுக்கான அட்டவணை வேலை குன்னூரில் தொடங்கியது. அங்கிருந்த ஆய்வுக்கூடம்தான் 1958-இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது.

அட்வாட்டரின் எண்கள் சராசரிகள். சராசரிக்கு அவை மிக நல்ல எண்கள். ஆனால் பாதாமை எடுத்துக்கொள்ளுங்கள். 28 கிராம் பாதாம் அந்தக் கணக்கில் 170 கலோரி. 2012-இல் அமெரிக்க வேளாண்மைத் துறையின் விஞ்ஞானிகள், பாதாம் சாப்பிட்டவர்களின் மலத்தையும் சிறுநீரையும் அளந்து பார்த்தபோது, உடம்புக்குக் கிடைத்தது 129 மட்டுமே. என்னதான் மென்றாலும் பருப்பின் செல் சுவர்கள் எல்லாம் உடைவதில்லை. உள்ளே மாட்டிக்கொண்ட கொழுப்பு அப்படியே வெளியேறிவிடுகிறது. அதே பாதாமை மாவாக அரைத்தால் கதை மாறும். பொட்டலத்தின் மேல் எண் மாறாது.

இவையெல்லாம் சின்னப் பிழைகள். இவற்றைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. கணக்கைப் பிடித்துத் தொங்கிய எத்தனையோ பேரின் மனதை உடைத்தது அதுதான்.

7,700 கலோரி குறைத்தால் ஒரு கிலோ இறங்கும் என்ற வாய்ப்பாட்டைக் கேட்டிருப்பீர்கள். 1958-இல் ஓர் அமெரிக்க மருத்துவர், ஒரு பவுண்டுக்கு 3,500 கலோரி என்று எழுதியதிலிருந்து வந்தது. கொழுப்பில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று சொல்வதற்கு அது சரி. அதை வைத்து வருங்காலத்தைக் கணிக்கத் தொடங்கும்போதுதான் தப்பாகிறது. தினமும் 240 கலோரி, அதாவது இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் குறைக்கிறீர்கள் என்றால், அந்த வாய்ப்பாட்டின்படி ஒரு வருடத்தில் 11 கிலோ இறங்க வேண்டும். அடுத்த வருடம் இன்னொரு 11. அப்படியே போனால் கடைசியில் ஆளே மிஞ்ச மாட்டார்.

அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் பணியாற்றிய கெவின் ஹால் என்ற இயற்பியலாளரும் அவருடைய குழுவினரும், உடம்பு ஈடுகொடுப்பதையும் சேர்த்து 2011-இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். நிரந்தரமாகக் குறைக்கும் ஒவ்வொரு 24 கலோரிக்கும் கடைசியில் ஒரு கிலோ இறங்கும். அதில் பாதி இறங்கவே ஒரு வருடம் ஆகும், ஏறக்குறைய முழுதும் இறங்க மூன்று வருடம். நம் 240 கலோரிக்கு முதல் வருடம் 5 கிலோ, மூன்று வருடத்தில் 10 கிலோ, அப்புறம் நின்றுவிடும். முதல் வருட முடிவில் 5 கிலோ இறங்கியவர், "11 இறங்க வேண்டுமே, நான் எங்கே தப்புச் செய்தேன்?" என்று தன்னையே நொந்துகொள்கிறார். அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. அவர் கையில் கொடுத்த வாய்ப்பாடு தப்பு.

ஏன் நின்றுவிடுகிறது? உடம்பு சிறுத்தால் அதை நடத்தவும் நகர்த்தவும் ஆகும் செலவு குறையும். அதற்கு மேலும் உடம்பு செலவைச் சுருக்கும். அமெரிக்கத் தொலைக்காட்சியின் எடைக்குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்து ஹாலின் குழு பரிசோதித்தது. பெரும்பாலோருக்கு எடை திரும்ப ஏறியிருந்தது. ஆனால் ஓய்வில் இருக்கும்போது உடம்பு எரிக்கும் அளவு, எதிர்பார்க்க வேண்டியதைவிட நாளுக்கு 500 கலோரி குறைவாகவே இருந்தது. பஞ்சம் முடிந்துவிட்டது என்று உடம்பு நம்பவே இல்லை.

ஆனால் செலவு சுருங்குவதைவிடப் பசி ஏறுவதுதான் பெரிய தடை. இதை அளந்த விதமும் எனக்கு மிகவும் பிடிக்கும். நீரிழிவுக்குக் கொடுக்கும் கனாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரை, தினமும் 90 கிராம் அளவுக்குச் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியே தள்ளும். ஏறக்குறைய 360 கலோரி. ஆளுக்கே தெரியாமல் தினமும் இவ்வளவு கழிகிறது. டயட் இருக்கிறோம் என்ற எண்ணமும் இல்லை, வைராக்கியமும் இல்லை. 153 பேர் ஒரு வருடம் இதைச் சாப்பிட்டார்கள். முதலில் எடை இறங்கியது, சில மாதங்களில் நின்றது. எடையின் போக்கை வைத்து அவர்கள் சாப்பிட்டதைக் கணக்கிட்டபோது ஒன்று தெரிந்தது. இறங்கிய ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 100 கலோரி சாப்பிடும் அளவு பசி கூடியிருந்தது. செலவு சுருங்குவதோ கிலோவுக்கு 20, 30 கலோரிதான். 5 கிலோ குறைத்தவர் முன்பைவிட 500 கலோரி அதிகமாகப் பசிக்கும் உடம்போடு சாப்பாட்டுக்கு உட்காருகிறார் என்று அர்த்தம். மூன்றாம் மாதம் டயட்டை விட்டவரைப் பார்த்து, "வாயைக் கட்டத் தெரியவில்லை" என்று வீட்டில் சொல்வார்கள். சொல்பவர்களுக்கு இந்த 500 தெரியாது.

இங்கேதான் எத்தனை கலோரி என்ற கேள்வியோடு, எதிலிருந்து வரும் கலோரி என்ற கேள்வியும் சேர்கிறது. 2019-இல் ஹாலின் குழு 20 பேரை ஒரு மாதம் மருத்துவமனையிலேயே தங்க வைத்தது. இரண்டு வாரம் ஆலையில் பதப்படுத்திய பொட்டல உணவு, இரண்டு வாரம் சாதாரணச் சமையல். தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து இரண்டிலும் சமம். வேண்டிய அளவு சாப்பிடலாம், கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. பொட்டல உணவு வாரங்களில் அவர்கள் நாளுக்கு 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். எடை 0.9 கிலோ ஏறியது. சமையல் வாரங்களில் அதே 0.9 கிலோ இறங்கியது. முன்னதை வேகமாகச் சாப்பிட்டார்கள் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். மெல்ல வேண்டிய உணவு வயிற்றுக்குச் செய்தி சொல்ல நேரம் கொடுக்கிறது.

இதற்கு ஒரு வருடம் முன்பு ஸ்டான்ஃபோர்டில் 609 பேரிடம் கலோரியை எண்ணச் சொல்லாமல், மைதா, சர்க்கரையைத் தவிர்த்துக் காய்கறியோடு வீட்டுச் சமையலாகச் சாப்பிடச் சொன்னார்கள். பாதிப் பேருக்குக் கொழுப்பு குறைவு, பாதிப் பேருக்கு மாவுச்சத்து குறைவு. ஒரு வருடத்தில் இரு பக்கமும் சராசரி 5, 6 கிலோ இறங்கியது. எண்ணாமலே சாப்பாட்டின் அளவு குறைந்திருந்தது.

அப்படியானால் எண்ணுவது வீணா? வீண் என்று நான் சொல்ல மாட்டேன். 2008-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், ஏறக்குறைய 1,700 பேரில் தினமும் சாப்பாட்டை எழுதியவர்கள், எழுதவே எழுதாதவர்களைப் போல இரண்டு மடங்கு எடை குறைத்திருந்தார்கள். எழுதியதால் குறைந்ததா, அக்கறை உள்ளவர்கள் எழுதவும் செய்தார்களா என்று இதை வைத்துப் பிரிக்க முடியாது. இரண்டும் கலந்துதான் இருக்கும் என்று நினைக்கிறேன். எழுதும்போது கை ஒரு நொடி நிற்கிறது. அந்த ஒரு நொடிக்கு மதிப்பு உண்டு.

என்னைக் கேட்டால், இரண்டு வாரம் எண்ணிப் பாருங்கள் என்பேன். எல்லாவற்றையும் எண்ண வேண்டாம். எண்ணெய், சோறு, சர்க்கரை, மாலை நேரத் தீனி, இந்த நான்கு போதும். உங்கள் வீட்டில் கலோரி எங்கே ஒளிந்திருக்கிறது என்று அதற்குள் தெரிந்துவிடும். தெரிந்தபின் தராசை எடுத்து வைத்துவிடலாம். வளரும் பிள்ளைகள், கர்ப்பிணிகள், இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக்கூடாது. சாப்பாட்டைப் பற்றிய பயம் முன்பே மனதில் இருப்பவர்களுக்கு இந்த எண்கள் தீங்கு செய்யும். அவர்கள் தொடவே வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. அதற்கு ஆப்பும் வேண்டாம், ஞாபகமும் வேண்டாம். மாத மளிகைச் சீட்டை எடுத்து, எண்ணெய் எத்தனை லிட்டர் என்று பார்த்து, வீட்டில் இருப்பவர்களின் எண்ணிக்கையால் வகுங்கள். ஆளுக்கு மாதம் ஒரு லிட்டர் என்றால் நாளுக்கு ஏறக்குறைய 270 கலோரி. சர்க்கரை ஆளுக்கு மாதம் ஒரு கிலோ என்றால் 130. எங்கள் வீட்டுச் சீட்டில் நாலு பேருக்கு ஐந்து லிட்டர் எண்ணெய் இருந்தது. இப்போது மூன்றரையில் நிற்கிறது.