ஆயிரம் அடி போட்டால் தண்ணீர் வந்துவிடாது

பல்லடத்துக்குத் தெற்கே ஒரு தென்னந்தோப்பு. மூன்றாவது போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, 1,180 அடி போய் நின்ற மறுநாள்தான் எனக்குப் போன் வந்தது. நான் போகும்போது துளை போடும் ரிக் வண்டி கிளம்பிவிட்டது. குழாயைச் சுற்றித் தூள் குவிந்து கிடந்தது. குவியலின் அடியில் மட்டும் கொஞ்சம் செம்மண், கொஞ்சம் ஓடக்கல். அதற்கு மேல் முழுக்கச் சாம்பல் நிற மாவு. ஒரு கை அள்ளி விரலில் தேய்த்துப் பார்த்தேன். தண்ணீர் நடமாடிய பாறையாக இருந்தால் வெடிப்பின் ஓரங்களில் துரு ஏறியிருக்கும், தூளோடு செம்பழுப்புச் சில்லுகள் கலந்து வரும். இதில் அப்படி ஒரு சில்லுகூட இல்லை. தோட்டக்காரர் கேட்டார்: "இன்னொரு எரநூறு அடி உட்டிருந்தா கெடைச்சிருக்குமுங்களா சார்?" அவர் மனைவி திண்ணையில் உட்கார்ந்திருந்தார், எதுவும் பேசவில்லை. மூன்று போருக்கும் அவருடைய நகைதான் அடகுக்குப் போயிருக்கிறது.

நிலத்தடி நீர் பார்ப்பது என் தொழில். இந்தக் கோடையில் இதே கேள்வியைக் கேட்காத தோட்டம் இல்லை. எல்லாரும் போர் போட்டு முடித்த பிறகுதான் கூப்பிடுகிறார்கள். போட்ட காசு போனதுகூட எனக்கு இரண்டாவது வருத்தம்தான். அடுத்த போருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு என்னிடம் இடம் மட்டும் காட்டச் சொல்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

"ஆழமாகப் போனால் தண்ணீர் இருக்கும்" என்பது ஒரு நம்பிக்கை. நம் பக்கத்துப் பாறைக்கு அது பொருந்தாது. தஞ்சாவூர் டெல்டாவில் கீழே மணல் படுகை இருக்கிறது, ஆழம் போகப் போக மணல் அடுக்குகள் கிடைக்கும். அங்கே நடந்ததைக் கேட்டுவிட்டு இங்கே செய்யக்கூடாது. தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு கடினப் பாறை. கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், திண்டுக்கல், நாமக்கல் எல்லாம் இதில்தான் வரும். இந்தப் பாறை பஞ்சு இல்லை, தனக்குள் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளாது. மேலே சிதைந்து இளகிய பகுதி கொஞ்சம், அதற்குக் கீழே வெடிப்புகள் கொஞ்சம். நமக்கான தண்ணீர் இந்த இரண்டில் மட்டும்தான். கீழே போகப் போக மேலிருக்கும் பாறையின் எடையில் வெடிப்புகள் இறுகிக்கொண்டே வரும். முதல் 300 அடிக்குள் எதுவும் தட்டவில்லை என்றால் அடுத்த 300 அடியில் கிடைக்கும் வாய்ப்பு குறைவு, அதற்கடுத்த 300 அடியில் இன்னும் குறைவு. ரிக் வண்டியின் ரேட்டோ நேர் எதிர்: ஆழம் கூடக் கூட அடி ரேட் ஏறும். வாய்ப்பு குறையக் குறைய அதிகக் காசு கட்டுகிறோம்.

"பக்கத்துத் தோட்டத்தில் 900 அடியில் ரெண்டு இஞ்சு வந்ததே?" வந்திருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. பாறை வெடிப்பு பாய் விரித்தாற்போலப் படுத்துக் கிடப்பதில்லை. பெரும்பாலும் சரிவாகவும் செங்குத்தாகவும் ஓடும். அவர் போர் அதை வெட்டியிருக்கும், ஐம்பதடி தள்ளிப் போட்ட உங்கள் போர் வெட்டாமல் போகும். ஒருவேளை உங்களுடையதும் அதே வெடிப்பை வெட்டினால் அவர் தண்ணீரைத்தான் இரண்டு பேரும் பங்கு போடப் போகிறீர்கள். இன்னொன்று, அந்த ரெண்டு இஞ்சு எத்தனை மாதம் வந்தது என்று கேட்டீர்களா? 900 அடி ஆழத்து வெடிப்புக்குள் மழைத் தண்ணீர் இறங்கிச் சேர வெகுகாலம் ஆகும். மோட்டார் போட்டால் சில மாதங்களில் காலியாகும். ஆரம்பத்தில் பீறிட்டு வந்ததைப் பார்த்து ஊரே பேசும். மோட்டார் காற்று இழுக்க ஆரம்பித்ததை யாரும் பேசுவதில்லை.

"சரி, ஆழமாகப் போட்டால் தண்ணீர் தேங்கியாவது நிற்குமே" என்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஆறரை இஞ்சு போரில் ஓர் அடி ஆழத்துக்குப் பிடிக்கும் தண்ணீர் ஏறத்தாழ ஆறரை லிட்டர். 1,180 அடி போர் வாய் வரைக்கும் நிரம்பி நின்றாலும் 7,700 லிட்டரைத் தாண்டாது. 12,000 லிட்டர் லாரி ஒன்றைக்கூட அது நிரப்பாது. அந்தத் தோப்பில் ஒரு ஏக்கர் தென்னைக்கு அது இரண்டு நாள் தண்ணீர்.

தேங்காய், வேப்பங்குச்சி, எலுமிச்சை வைத்துத் தண்ணீர் இருக்கும் இடம் பார்ப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். தேங்காய் பார்ப்பவரைத் திட்டுவதற்காக எழுதவில்லை. ஆனால் "இங்கே கீழே ஆறு ஓடுது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம் பாறைக்குள் ஆறும் இல்லை, காவிரியின் கிளையும் இல்லை. உள்ளங்கையில் தேங்காய் எழுந்து நிற்பதற்கும் பாறையில் வெடிப்பு இருப்பதற்கும் சம்பந்தம் கிடையாது. என் கருவியும் தண்ணீரைக் காட்டாது. மின்தடை ஆய்வு என்பது தரைக்குள் மின்சாரம் செலுத்தி, எந்த ஆழம் வரை பாறை இளகியிருக்கிறது, எங்கே வெடிப்பு இருக்கக்கூடும் என்று ஊகிக்கிற வேலை. நேர்மையாகச் செய்தால் அதன் முக்கியமான பயன், "இங்கே போடாதே" என்று சொல்வது. அந்தப் பதிலுக்குக் காசு கொடுக்க யாருக்கும் மனசு வருவதில்லை. 1,500 அடிக்கு உத்தரவாதம் தருகிற ஆய்வாளரிடமும் ஜாக்கிரதையாக இருங்கள். அப்படி உத்தரவாதம் தர இந்தத் தொழிலில் யாராலும் முடியாது.

இப்போது தண்ணீரின் வரவு செலவுக்கு வருவோம். இதைத்தான் யாரும் பேச விடுவதில்லை. மாநிலத்தின் சராசரி மழை ஆண்டுக்கு 920 மில்லிமீட்டர் அளவில். பல்லடம், காங்கேயம் பக்கம் 600-ஐ ஒட்டித்தான். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிறோம், தென்மேற்குப் பருவம் நமக்குக் காற்றைத்தான் அதிகம் தரும். ஒரு ஏக்கரில் 600 மில்லிமீட்டர் மழை என்றால் 24 லட்சம் லிட்டர். கேட்க நிறைய மாதிரித் தெரியும். இதில் பாறைக்குள் இறங்குவது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, சில வகைப் பாறையில் அதிலும் பாதி. பத்தில் ஒன்று என்றே வைத்துக்கொள்வோம்: 2 லட்சத்து 40 ஆயிரம் லிட்டர். உங்கள் ஏக்கருக்கு ஓர் ஆண்டுக்கு நிலத்தடியில் வரவு அவ்வளவுதான்.

செலவு? ஏக்கருக்கு 70 தென்னை. மரத்துக்கு நாளைக்கு 60 லிட்டர், அதுவும் சொட்டுநீரில் அளந்து விட்டால். மழை நாட்களைக் கழித்து 200 நாள் என்றால் 8 லட்சத்து 40 ஆயிரம் லிட்டர். வரவைப் போல மூன்றரை மடங்கு. வட்டப்பாத்தியில் மடையைத் திறந்து விடுகிறவர்களுக்கு இன்னும் கூடுதல். மீதி எங்கிருந்து வந்தது? பக்கத்துக் காட்டிலிருந்தும், நம் தாத்தா காலத்து மழை இறங்கிச் சேர்த்து வைத்ததிலிருந்தும். இப்போது பக்கத்துக் காட்டிலும் தென்னை, பக்கத்துக் காட்டிலும் போர். தமிழ்நாட்டில் நிலத்தடி நீரைக் கணக்கெடுக்கும் பகுதிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, வரவை மீறி எடுக்கும் பட்டியலில் இருக்கிறது. இந்தப் பட்டியலை மத்திய நிலத்தடி நீர் வாரியமும் மாநில அரசும் சேர்ந்து கணக்கெடுத்து வெளியிடுகின்றன. உங்கள் பகுதி எதில் வருகிறது என்று ஒரு தடவையாவது பாருங்கள். கரண்ட் இலவசம் என்பதால் தண்ணீரும் இலவசம் என்று ஆகிவிடாது.

அத்திக்கடவு - அவிநாசி திட்டம் வந்துவிட்டது, இனி கவலை இல்லை என்றும் சிலர் சொல்கிறார்கள். 2024 ஆகஸ்டில் அது செயல்பாட்டுக்கு வந்ததில் எனக்கும் சந்தோஷம்தான், எத்தனை வருடப் போராட்டம் அது. ஆனால் திட்டம் 1.5 டி.எம்.சி. உபரி நீரை 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுபோவது. சராசரியாக ஒரு குட்டைக்கு 4 கோடி லிட்டர். மேலே போட்ட கணக்குப்படி ஐம்பது ஏக்கர் தென்னைக்கு ஓர் ஆண்டுக்குப் போதும். குளத்தை ஒட்டிய கிணறுகளுக்கு உயிர் வரும். மூன்று கிலோமீட்டர் தள்ளி இருப்பவர் அதை நம்பிக் கன்று நடக்கூடாது.

காங்கேயம் பக்கத்துப் பெரியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. தோட்டம் கொஞ்சம், மீதி கொறங்காடு என்கிற மேய்ச்சல் காடு. கிளுவை வேலி போட்டு, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் விட்டு, மாடும் ஆடும் மேய்த்து அந்த 600 மில்லிமீட்டருக்குள் குடும்பம் நடத்தினார்கள். கொறங்காட்டை அழித்து, ஆயிரம் அடித் தண்ணீரை நம்பித் தென்னை வைத்தது நம் தலைமுறை.

என்ன செய்யலாம்? முதலில் வறண்டுபோன போரை விட்டுவிடாதீர்கள். காசு கொடுத்துத் தோண்டிய குழி அது, மழைத் தண்ணீரை உள்ளே இறக்கப் பயன்படுத்துங்கள். கேசிங் பைப்பைச் சுற்றி ஆள் உயரத்துக்குக் குழி எடுத்து, குழிக்குள் நிற்கும் பைப்பில் துளை போட்டு நைலான் வலையை இரண்டு மூன்று சுற்று இறுக்கிக் கட்டி, கீழே குண்டுக்கல், அதன்மேல் ஜல்லி, மேலாக மணல் நிரப்புங்கள். காட்டிலிருந்து வரும் தண்ணீர் இந்தக் குழிக்கு வருமுன் ஒரு சின்னத் தொட்டியில் நின்று மண்டி படிந்து வர வேண்டும். சேற்றுத் தண்ணீரை நேராக விட்டால் ஒரே மழையில் வெடிப்புகள் அடைத்துக்கொள்ளும், அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது. மாட்டுக் கொட்டகைத் தண்ணீர், கோழிப்பண்ணைத் தண்ணீர், உரம் கரைந்து வரும் தண்ணீர் இவற்றைத் தயவுசெய்து போருக்குள் விடாதீர்கள். அதே வெடிப்பிலிருந்துதான் யாரோ குடிக்கிறார்கள். சாயப்பட்டறைக் கழிவை நொய்யல் ஆற்றில் விட்டதன் பலனைத் திருப்பூர் மாவட்டம் இன்றைக்கும் அனுபவிக்கிறது.

திறந்த கிணறு இருந்தால் அதுதான் உங்கள் சொத்து. அதைக் குப்பைக் குழியாக்காதீர்கள், மூடவும் மூடாதீர்கள். மழைநீர் இறக்கக் கிணற்றைவிட நல்ல வழி எதுவும் கிடையாது.

வரப்பை உயர்த்துங்கள். சரிவுக்குக் குறுக்கே கோடை உழவு போடுங்கள். பண்ணைக் குட்டை எடுத்தால், தேக்கி வைத்துப் பாய்ச்சவா, தரைக்குள் இறங்கவா என்று முதலில் முடிவு செய்யுங்கள். அடியில் தார்பாய் விரித்துவிட்டு "குட்டை வெட்டியும் போர்ல தண்ணி ஏறலையே" என்று என்னிடம் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

தென்னை மட்டையை எரிப்பதை நிறுத்துங்கள். மட்டை, மஞ்சி, சருகு எல்லாவற்றையும் மரத்தடியில் மூடாக்காகப் பரப்புங்கள். மூடாக்குக்குக் கீழே கையை விட்டுப் பாருங்கள், வெயில் மண்டையைப் பிளக்கும் மத்தியானத்திலும் மண் ஈரமாக இருக்கும். சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் மானியம் இருக்கிறது. வாங்கிப் போடுங்கள். போட்டுவிட்டு, மிச்சமான தண்ணீர் இருக்கிறதே என்று இன்னும் இரண்டு ஏக்கர் கன்று நட்டால் மிச்சம் எங்கே? இதை நான் பார்க்காத ஊர் இல்லை, கோபமும் வராமல் இல்லை.

ஊரில் வீடு மட்டும் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2003-லேயே மாநிலம் முழுக்க மழைநீர் சேகரிப்பு கட்டாயமாகிவிட்டது. பல வீடுகளில் பிளான் அப்ரூவலுக்காக ஒரு பைப்பைத் தரையில் செருகியதோடு சரி, வடிகட்டியைத் திறந்து பார்த்தவர் இல்லை. 1,000 சதுர அடி மாடி, 600 மில்லிமீட்டர் மழை, சேதாரம் போக 45,000 லிட்டர். நாலு லாரித் தண்ணீருக்குக் கொஞ்சம்தான் குறைவு.

மூடாத போர் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை கைவிட்ட போருக்குள் விழுந்து இறந்தது. நாடே நாலு நாள் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. அதற்கு ஒன்பது வருடம் முன்பே, 2010-ல், கைவிட்ட போர்களை மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் விதிமுறை வகுத்துவிட்டது. சாக்குப் பையைத் திணித்து மேலே கல்லை வைப்பது மூடுவது ஆகாது. மழைநீர் இறக்கப் பயன்படுத்தும் போராக இருந்தாலும் இரும்பு மூடியை வெல்டு வைத்துவிடுங்கள். பயன்படுத்தப் போவதில்லை என்றால் அடியிலிருந்து வாய் வரை மண்ணும் கல்லும் போட்டு நிரப்புங்கள். ரிக் வண்டி கிளம்புமுன் மூடி போட்டாயிற்றா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு போர் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், வண்டிக்குச் சொல்வதற்கு முன் கூப்பிடுங்கள். உங்கள் பழைய போர்கள் எத்தனை அடி, எந்த அடியில் தண்ணீர் தட்டியது, எந்த மாதம் நின்றது என்று ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். அந்தக் காகிதம் என் கருவியில் பாதி வேலையைச் செய்துவிடும். இத்தனை அடிக்கு மேல் போகமாட்டேன் என்று வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து முடிவு செய்து, வண்டிக்காரரிடமும் சொல்லிவிடுங்கள். ராத்திரி பதினோரு மணிக்குப் புழுதிக்குள் நின்றுகொண்டு "இன்னொரு நூறு" என்று முடிவெடுக்காதீர்கள். ஐப்பசி மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது, குழி வேலையைப் புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள்.