கீரையை நிறுத்தினாலும் ஆக்சலேட் வருவது ஏன்?

ஸ்கேனில் சிறுநீரகக் கல் தெரிந்துவிட்டால் அன்றே வீட்டில் பாலக்கீரைக்குத் தடை விழுந்துவிடும். அதில் நியாயம் உண்டு. பாலக்கில் ஆக்சலேட் அதிகம். கற்களிலும் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட்டால் ஆனவை. ஆனால் ஆக்சலேட்டே இல்லாத உணவாகப் பார்த்துச் சாப்பிட்டாலும் சிறுநீரில் அது வந்துகொண்டுதான் இருக்கும். நம் கல்லீரலே அதை உண்டாக்குகிறது.

ஆக்சலேட்டால் நமக்குப் பயன் எதுவும் இல்லை. அதை உடைக்கிற நொதியும் நம் உடலில் இல்லை, சிறுநீரகம்தான் வெளியேற்றியாக வேண்டும். அப்படியானால் கல்லீரல் ஏன் அதைச் செய்கிறது? கிளையாக்சிலேட் என்ற இரண்டு கார்பன் மூலக்கூறுதான் காரணம். தோல், எலும்புகளில் உள்ள கொலாஜன் தினமும் சிதைந்து புதுப்பிக்கப்படுகிறது. அப்போது வெளிவரும் ஹைட்ராக்ஸிபுரோலின், செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் உடைந்து கிளையாக்சிலேட்டைத் தருகிறது. ஆட்டுக்கால் சூப்பில் இருக்கும் கொலாஜனுக்கும் இதே வழிதான். இன்னொரு பக்கம், பெராக்ஸிசோம் என்ற நுண்ணறையில் கிளைகோலேட் ஆக்சிடேஸ் என்ற நொதி, கிளைகோலேட்டைக் கிளையாக்சிலேட்டாக மாற்றுகிறது.

பெராக்ஸிசோமிலேயே ஏஜிடி என்ற நொதி தயாராக இருக்கிறது. வைட்டமின் பி6 துணையோடு, அலனினிடமிருந்து அமினோ தொகுதியை எடுத்துக் கிளையாக்சிலேட்டில் சேர்த்து, அதைக் கிளைசின் என்ற சாதுவான அமினோ அமிலமாக்கிவிடும். அதற்குத் தப்பி செல்லின் திரவப் பகுதிக்கு வரும் கிளையாக்சிலேட்டில் ஒரு பங்கை வேறொரு நொதி மறுபடியும் கிளைகோலேட்டாக்கும். மிச்சம் லாக்டேட் டிஹைட்ரஜனேஸிடம் சிக்குகிறது. தசையில் லாக்டேட்டைக் கையாளும் அதே நொதிதான். அது ஆக்சலேட்டாக மாற்றிவிட்டால், அப்புறம் திரும்பும் வழி இல்லை.

இதில் என்னை மிகவும் வியக்கவைப்பது ஏஜிடி இருக்கும் இடம். இறைச்சி தின்னும் பூனையில் அது பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கிறது. தழை தின்னும் முயலில் பெராக்ஸிசோமில். அந்தந்த உணவால் கிளையாக்சிலேட் செல்லில் எங்கே அதிகம் உருவாகுமோ, அங்கேயே காவல். மனிதருக்குப் பெராக்ஸிசோம்தான் அதன் இடம்.

முதல் வகை பிரைமரி ஹைப்பராக்சலூரியா என்ற பரம்பரை நோயில் ஏஜிடி பழுதாகிறது. சிலருக்கு இந்த நொதி வேலை செய்யும் நிலையில்தான் இருக்கும். மரபணு மாற்றத்தால் சுமார் 90 சதவீதம் மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போய்விடும். முகவரி தவறியதற்கே சிறுநீரகம் செயலிழக்கும் அளவுக்கு ஆக்சலேட் பெருகுகிறது. சிறுநீரகத்தை மட்டும் மாற்றினால் போதாது, பழைய கல்லீரல் புதியதிலும் ஆக்சலேட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதனால்தான் பலருக்குக் கல்லீரலையும் சேர்த்து மாற்ற வேண்டியிருந்தது. இந்த வகை மரபணு மாற்றம் உள்ளவர்களில் பலருக்கு வைட்டமின் பி6 நல்ல பலன் தருகிறது.

2020 நவம்பரில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் லுமாசிரான் என்ற ஊசிக்கு அனுமதி கிடைத்தது. பழுதான ஏஜிடியை அது தொடுவதில்லை. ஒரு படி முன்னால் போய், கல்லீரலில் கிளைகோலேட் ஆக்சிடேஸ் உருவாவதைக் குறைக்கிறது. தேங்கும் கிளைகோலேட் நீரில் எளிதாகக் கரையும், சிறுநீரோடு போய்விடும். 2023-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற நெடோசிரான், கல்லீரலின் லாக்டேட் டிஹைட்ரஜனேஸைக் குறிவைக்கிறது.

சின்னப் பிள்ளைக்குக் கல் வந்தாலோ, பெரியவருக்குத் திரும்பத் திரும்ப வந்தாலோ, 24 மணி நேரச் சிறுநீரில் ஆக்சலேட் எவ்வளவு என்று பார்க்கலாமா என மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள்.