மூடிக்குள் பெய்யும் மழை

“காலை ஆறு மணிக்குப் பிள்ளைக்குக் கட்டிக்கொடுக்கிற சோறு பத்தரைப் பள்ளி இடைவேளைக்குள் பழுதாகிவிடுகிறது. ஜப்பான்காரரின் பென்டோ என்ற சாப்பாட்டுப் பெட்டி வாங்கியும் அதே கதைதான். ஏன்?” என்று திருகோணமலை உவர்மலையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். பெட்டியில் குற்றமில்லை, அதை மூடிய நேரத்தில்தான் குற்றம்.

பசிலஸ் சீரியஸ் என்ற பற்றீரியாவின் வித்திகள் (விதைபோல் உறங்கிக் கிடக்கும் கடின உருவங்கள்) வயல் மண்ணிலிருந்தே அரிசியோடு வருகின்றன. கொதிநீர் மற்றக் கிருமிகளில் பெரும்பாலானவற்றைக் கொன்றாலும் இந்த வித்திகள் தப்பிவிடும். போதாததற்கு அந்தச் சூடே அவற்றைத் தட்டி எழுப்பியும் விடும். 30 முதல் 37 பாகை செல்சியஸ் வரை அவற்றுக்கு நல்ல காலம். அரை மணிக்கு ஒருமுறை இரட்டித்தால் நாலரை மணி நேரத்தில் ஒன்று 512 ஆகிவிடும். சோற்றில் அது விடும், வாந்தி எடுக்க வைக்கும் நஞ்சு பொரித்தாலும் அழியாது, மணத்திலும் தெரியாது. ஆகவே மிஞ்சின சோற்றைக் காலையில் வதக்கிக் கொடுத்தால் சரி என்பது வீண் நம்பிக்கை. பொரியலோடு கரித்துண்டு வைத்து அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். பேய் பயப்படுகிறதோ என்னவோ, பசிலஸ் பயப்படாது.

இனி மூடிக்கு வருவோம். 200 கிராம் சோறு 80 பாகையிலிருந்து 35 பாகைக்கு இறங்க ஏறத்தாழ 31 கிலோயூல் வெப்பம் வெளியேற வேண்டும். ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது 2.4 கிலோயூல் வரை எடுத்துக்கொண்டு போகும். கணக்குப் பாருங்கள்: 13 கிராம் நீர், ஒரு மேசைக்கரண்டிக்கும் குறைவு, அது பறந்தாலே வேலை முடிந்தது! அதே ஆவி மூடிய பெட்டிக்குள் என்ன செய்யும்? மூடியில் முட்டி, கொண்டுவந்த வெப்பத்தை அங்கேயே கொட்டிவிட்டு, துளியாகிச் சோற்றின் மேலேயே விழும். மேல்சோறு நனையும், அடிச்சோறு சூடாகவே இருக்கும். பற்றீரியாவுக்கு வேண்டிய ஈரமும் இளஞ்சூடும் ஒரே இடத்தில் கிடைத்துவிடும்.

அதனால் சோற்றை முதலில் அகலத் தட்டத்தில் 2 சென்ரிமீற்றர் தடிப்பில் பரப்புங்கள். உள்ளிருந்து வெப்பம் வெளியே வர எடுக்கும் நேரம் தடிப்பின் வர்க்கத்தோடு கூடும். 5 சென்ரிமீற்றர் குவியலுக்கு இதைப்போல் ஆறேகால் மடங்கு நேரம் வேண்டும். மேலே வலை மூடி, மின்விசிறியைத் திருப்பி விடுங்கள். கச்சான் அடிக்கும் நாளில் (காற்றைச் சொல்கிறேன், கடலையை அல்ல) ஜன்னலைத் திறந்தாலே போதும். மார்கழி மாரியிலும் முதல் பாதிச் சூடு ஓடிவிடும், 40 பாகைக்குக் கீழே வந்தபின்தான் ஈரக்காற்று முரண்டு பிடிக்கும். அப்போது கரண்டியால் ஒருமுறை புரட்டிவிடுங்கள், கையால் வேண்டாம். புறங்கையை அருகே பிடித்தால் சூடு தெரியக்கூடாது. அதுதான் மூடும் நேரம். கறியும் அப்படியே தனியாக ஆறட்டும்.

ஜப்பானில் சோற்றின் நடுவில் வைக்கும் ஊறிய உமெபோஷி என்ற புளிப்புப் பழம் தன்னைத் தொடும் பருக்கைகளை மட்டுமே காக்கும். தேசிக்காய்ப் புளி விட்டுப் பிரட்டின சோறு அதைவிட மேல், ஏனென்றால் புளிப்பு எல்லாப் பருக்கைக்கும் போகிறது. அவர்களின் குட்டை அரிசியில் அமைலோஸ் என்ற மாப்பொருள் குறைவு, அதனால் ஆறினாலும் மென்மையாகவே இருக்கும். நம் அரிசிகள் பெரும்பாலும் அமைலோஸ் கூடியவை, ஆறினால் விறைக்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இன்னும் விறைக்கும், இரவுப் புட்டு காலையில் மணலாவதும் இதனால்தான். தேங்காய்ச் சம்பலைச் சோற்றோடு சேர்க்காமல் தனிக் கிண்ணத்தில் கொடுங்கள், வெயில் நாளில் கொடுக்காமலே விடுவது நல்லது.

வெதுவெதுப்பான பெட்டியைத் தடித்த வெப்பப் பைக்குள் வைப்பது படுமோசம், அது 40 பாகையைப் பத்திரமாகக் காத்துக் கொடுக்கும். ஒன்றில் கொதிநீரால் ஐந்து நிமிடம் சூடாக்கின வெப்பக் குடுவையில் சோற்றை ஆவி பறக்க நிரப்பி 60 பாகைக்கு மேல் வைத்திருக்க வேண்டும், அல்லது உறைந்த தண்ணீர்ப் போத்தலைப் பெட்டியின் மேலே வைக்க வேண்டும். குளிர்ந்த காற்று கீழேதான் இறங்கும். 250 கிராம் பனிக்கட்டி உருக 83 கிலோயூல் விழுங்கும், உருகியபின் பிள்ளைக்குக் குடிக்கக் குளிர்தண்ணீர்.

கழுவும்போது மூடியின் ரப்பர் வளையத்தையும் கழற்றுங்கள். அதன் பள்ளத்தில் நேற்றைய குழம்பு இருக்கும்.