பிரதமருக்கு யார் சமைக்கிறார்? உங்களுக்கு?

2018 மே 9 மலேசியத் தேர்தல் முடிந்த வாரம், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நான் உணவு ஆலோசனை சொல்லும் கிளினிக்கில் யாருக்கும் சோற்றுக் கணக்குக் கேட்கப் பொறுமை இல்லை. சுதந்திரம் வந்த நாள் முதல் இருந்த ஆட்சி கவிழ்ந்திருந்தது. 2007இல் மலேசிய இந்தியர்களின் உரிமை இயக்கமான ஹிண்ட்ராப் நடத்திய பேரணியில் கண்ணீர்ப்புகை குடித்த லோரி டிரைவர் ஒருவர் என் மேசையைத் தட்டிச் சொன்னார்: "இனி எல்லாம் மாறும் பாரும்மா. 92 வயசுல மகாதீர் இந்த நடை நடக்கிறாரு. நல்ல சமையல்காரன் வச்சிருக்காரு, வேற என்ன?"

டாக்டருக்குப் படித்த புதுப் பிரதமர் மகாதீர் மேடைக்கு மேடை சொன்ன ரகசியம் வேறு: ருசியாக இருக்கும்போதே சாப்பாட்டை நிறுத்திவிடு என்ற அவருடைய அம்மாவின் பேச்சு. அதைச் சொன்னேன். டிரைவருக்குப் பிடிக்கவில்லை.

தலைவர் மாறினால் சமையல்காரரும் மாறவேண்டும் என்ற ஆசை நமக்கு மட்டும் இல்லை. 2008இல் ஒபாமா ஜெயித்ததும் வெள்ளை மாளிகை அடுப்படிக்கு யாரைக் கொண்டுவருவது என்று அமெரிக்க உணவுலகப் பெரும்புள்ளிகள் பரபரத்தார்கள். பேர்போன சமையல்காரர் அலிஸ் வாட்டர்ஸ் உட்பட மூன்று பேர், ஆலோசனை சொல்லத் தயார் என்று கடிதமே எழுதினார்கள். ஒபாமா குடும்பமோ, புஷ் காலத்தில் 2005இல் தலைமைச் சமையல்காரரான கிறிஸ்டெட்டா காமர்ஃபோர்டையே வைத்துக்கொண்டது. மணிலாவில் பிறந்தவர், அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். பிறகு டிரம்ப் வந்தார், பைடன் வந்தார். அம்மையார் 2024 வரை அங்கேயே இருந்தார். ஆனால் 2009 மார்ச்சில் மிஷெல் ஒபாமா மாளிகைப் புல்வெளியைக் கொத்திக் காய்கறித் தோட்டம் போட்டார். சமைத்த கை பழையது, சட்டிக்குள் போனது புதுசு. என் தொழிலில் நான் கவனிப்பது சட்டியைத்தான்.

இங்கேயும் புது ஆட்சியின் கை கொஞ்சம் சட்டி வரை நீண்டது. 2019 ஜூலை 1 முதல் சீனி வரி: டின், பாட்டில் பானங்களில் 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் அப்போது லிட்டருக்கு 40 சென் (பால், பழச்சாறு வகைகளுக்கு வரம்பு வேறு). நல்ல காரியம். அதே ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு). நம் இந்தியர்களிடம் இன்னும் அதிகம். ஆனால் மாமாக் கடை (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) அண்ணன் டின் பால் ஊற்றி இழுத்து ஆற்றும் தே தாரிக் தேநீருக்கு வரி ஏது?

ஒருநாள் கிளினிக்கில் கிளாஸ் வைத்து, ஒரு தே தாரிக்குக்கு ஆகும் டின் பாலை (இனிப்புச் சேர்த்த கெட்டிப் பால்) ஊற்றிக் காட்டினேன். ரெண்டு மேசைக்கரண்டி, சுமார் 40 கிராம். அதில் பாதியளவு சீனி, தேக்கரண்டிக் கணக்கில் நாலைந்து. டிரைவர் நாளுக்கு மூன்று கிளாஸ் குடிப்பவர். கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், அடியில் வெள்ளையாகப் படிந்து கிடந்தது. "குராங் மானிஸ்னு சொல்லித்தாம்மா குடிக்கிறேன்" என்றார். குராங் மானிஸ், அதாவது இனிப்புக் குறைவு, என்றால் எவ்வளவு குறையும் என்பது ஆற்றுகிறவரின் மனசு. தே ஓ கோசோங் என்று கேட்டால்தான் பாலும் சீனியும் இரண்டுமே இல்லை.

என் தவறையும் சொல்லவேண்டும். மூன்று வருடம் அந்த டிரைவருக்கு அச்சடித்த உணவுப் பட்டியலைக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். சர்க்கரை அளவு இறங்கவில்லை. ஒருமுறை அவர் மனைவி கூட வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. "அவருக்குச் சோறு போடறது நானு. உங்ககிட்ட வர்றது அவரு. பேப்பரு லோரி டேஷ்போர்டுல கெடக்குது மிஸ்."

அந்த அக்காவிடம் நேரடியாகப் பேசினேன். மூன்று அகப்பைச் சோறு ஒன்றரையானது, கீரையும் பயறும் கூடியது. (இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் சோற்றைத் திடீரென்று குறைக்காதீர்கள்; சர்க்கரை இறங்கி மயக்கம் வரும்.)

இப்போது புதிதாக யார் வந்தாலும் என் முதல் கேள்வி, வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்பதுதான். அவரையும் கூட்டி வாருங்கள், சோறு போடும் அகப்பையையும் எடுத்து வாருங்கள் என்பேன். போன மாதம் ஒருவர் எல்ஆர்டி ரயிலில் வர வெட்கப்பட்டு அகப்பையை நாளிதழில் சுற்றிக் கொண்டுவந்தார். சுற்றியிருந்த பக்கம் முழுக்க அரசியல்.